பெட்டி கெட்டால் பணம் போகுமா?

சென்னைக் கடலோரத்துப் பட்டினப்பாக்கத்தில் ஜன்னல் கம்பியும் ஏசியின் வெளிப்பெட்டியும் சீக்கிரம் துருப்பிடிப்பது எல்லோரும் அறிந்ததுதான். அதே உப்புக்காற்று மேஜைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளும் போகிறது. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும் என்பதே காரணம். மதர்போர்டில் தூசியோடு படிந்த உப்புக்கும் அதே கதிதான். போகக்கூடாத இடத்தில் மின்சாரத்துக்கு அது வழிவிடும், ரேமின் தங்கப்பூச்சு முனைகளுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே மெல்லிய படலமாக உட்காரும். கம்ப்யூட்டர் பெட்டி காரணமில்லாமல் ஹேங் ஆகும், நீலத்திரை காட்டும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஒருநாள் அதில் இருக்கும் பிட்காயின் வாலட் திறக்க மறுத்து, தரவுத்தளம் பழுதாகிவிட்டது என்று செய்தி காட்டும். பலர் அந்த நிமிடமே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவப் பார்க்கிறார்கள். அதைத்தான் கடைசியாகச் செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

வாலட் என்ற பெயரே நம்மைக் குழப்புகிறது. பர்ஸில் ரூபாய் இருப்பதுபோல் அதில் காசு இல்லை. எந்த முகவரிக்கு எவ்வளவு என்ற கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிளாக்செயினாக இருக்கிறது. நம் பெட்டியில் இருப்பது அந்தக் கணக்கிலிருந்து செலவழிக்க அதிகாரம் தரும் சாவி, அதாவது ஒரு மிகப்பெரிய ரகசிய எண். பிட்காயின் கோர் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டால், டிஸ்கில் அது வைத்திருப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். பல நூறு ஜிபி இடம் பிடிக்கும் பிளாக் கோப்புகளும் அவற்றிலிருந்து தொகுத்த பட்டியலும் ஒரு பங்கு. அவை முழுக்க அழிந்தாலும் இணையத்திலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம், சில நாள் ஆகும், அவ்வளவுதான். வாலட்.டேட் என்ற சிறிய கோப்பு இன்னொரு பங்கு. சாவிகள் அதில்தான் இருக்கின்றன, அதற்கு உலகில் வேறு பிரதி கிடையாது. திரையில் வரும் பிழைச்செய்தி பெரும்பாலும் முதல் பங்கைப் பற்றியது. பதற்றத்தில் நாம் அழிப்பதோ இரண்டாவதையும் சேர்த்து.

வேறு எந்த மென்பொருளும் புகார் சொல்லவில்லையே, பிறகு வாலட்டில்தானே கோளாறு என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒரு புகைப்படத்தில் ஒரு பிட் மாறினால் எங்கோ ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாரும் கவனிக்கப்போவதில்லை. பிட்காயின் கோர் அப்படி விட்டுவிடாது. ஒவ்வொரு பிளாக்கையும் எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கில் இட்டு, விடை முந்தைய பிளாக்கோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். ஒரே ஒரு பிட் புரண்டாலும் விடை அடியோடு மாறிவிடும். கெட்டுக்கொண்டிருக்கும் ரேமை மற்றவற்றுக்கு முன்னால் அது காட்டிக்கொடுப்பதற்கு இந்தக் கண்டிப்பே காரணம். கரண்ட் போனால் வேறு மாதிரிச் சேதம் வரும். சேமித்தாகிவிட்டது என்று மென்பொருள் நம்பினாலும், எழுத வேண்டியது இன்னும் ரேமிலோ டிஸ்கின் தற்காலிக நினைவிலோ காத்திருக்கலாம். அந்த நொடியில் மின்சாரம் நின்றால் எழுத்து பாதியில் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போல மின்சாரம் விட்டுவிட்டு வரும் நாட்களில், யுபிஎஸ் இல்லாத பெட்டிக்கு இந்த ஆபத்து அதிகம். மென்பொருளே தவறு செய்ததும் உண்டு. 2013 மார்ச்சில் பிட்காயினின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் தரவுத்தள வேறுபாட்டால் ஒரு பிளாக்கில் முரண்பட்டு, சங்கிலியே சில மணி நேரம் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் வாலட் மட்டுமல்லாமல் பெட்டியும் அடிக்கடி விழுகிறதென்றால் முதல் சந்தேகம் பெட்டியின் மேல்தான் விழ வேண்டும்.

ஆகவே முதல் வேலை பிரதி எடுப்பது. வாலட்டை மூடிவிட்டு, வாலட்.டேட் இருக்கும் ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் நகலெடுக்க வேண்டும். அந்த ஒரு கோப்பு மட்டும் போதாதா? போதாமல் போகலாம். பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்யும் குறிப்பு, பக்கத்தில் ஜர்னல் என்ற பெயரோடு தனிக் கோப்பாக இருக்கக்கூடும். அதை விட்டுவிட்டால் மீட்கும் வழி அடைபடும். பெட்டி நகலெடுக்கும் அளவுக்குக்கூட நிற்கவில்லை என்றால் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாம். பெட்டியைச் சரிசெய்வது அதற்குப் பிறகுதான். சென்னை ரிச்சி தெருவின் கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கொண்டுபோனால் ரேமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவார்கள். பார்க்கச் சாதாரண வேலைதான், ஆனால் கடலோரப் பெட்டிகளில் பல சமயம் அதுவே பலிக்கிறது. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பார்கள். மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிடச் சொல்லலாம். எதுவும் பிடிபடாதபோதுதான் "ஃபார்மேட் அடிச்சுடலாமா?" என்று கேட்பார்கள். பிரதி கையில் இருந்தால் மட்டுமே அதற்குத் தலையாட்டலாம். டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வருவதும் சரியல்ல, சாவியையே ஒப்படைப்பதாக ஆகும். பெட்டி நிலையானபின் ரீஇண்டெக்ஸ் கட்டளை கொடுத்தால் பிளாக் பட்டியலை மென்பொருள் அடியிலிருந்து திரும்பக் கட்டிக்கொள்ளும். ரேம் கெட்டிருக்கும்போதே இதைச் செய்தால் பாதி வழியில் மறுபடி அதே பிழையில்தான் வந்து நிற்கும்.

இந்தத் தலைவலியே வேண்டாம், காசை எக்ஸ்சேஞ்சில் விட்டுவைத்தால் ஆயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனது. திருட்டில் தொடாத காயின்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் சேர்ந்து முடங்கின. அப்படி எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ காயின் 3,532.30 முடங்கிய ஒருவர் தொடுத்த வழக்கில்தான், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்தே என்று தீர்ப்பளித்தது. முதலீட்டாளருக்கு இது பெரிய பலம். ஆனால் நீதிமன்றம் உத்தரவிட எதிரே ஒரு நிறுவனம் இருந்தால்தான் அந்தப் பலம் பயன்படும். நம் டிஸ்கில் அழிந்த சாவியை எந்த நீதிபதியாலும் வரவழைக்க முடியாது. இரண்டிலும் ஆபத்து இருக்கிறது, வீட்டிலிருக்கும் சாவியின் ஆபத்தையாவது நாமே குறைத்துக்கொள்ளலாம்.

வாலட்டை மீட்க அது தந்த பன்னிரண்டு வார்த்தைகளை எழுதி வைத்திருக்கிறேனே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எலெக்ட்ரம் போன்ற வாலட்டுகளிலும் பெரும்பாலான மொபைல் வாலட்டுகளிலும் அந்த வார்த்தைகளிலிருந்தே எல்லாச் சாவிகளும் பிறக்கின்றன, அங்கே கவலை குறைவு. பிட்காயின் கோரில் அந்த வார்த்தைகள் கிடையாது, கோப்புதான் எல்லாம். 2016க்கு முந்தைய அதன் பதிப்புகளில் சாவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக உருவாயின, முன்கூட்டி நூறு மட்டும் இருப்பில் இருக்கும். ஆகவே அந்தக் காலத்துப் பழைய பேக்கப்பில் பிறகு உருவான சாவிகள் இல்லாமல் போகலாம். வார்த்தைகள் இருப்பவர்கள் உதவி செய்கிறேன் என்று கேட்பவர்களிடம் அவற்றைச் சொல்லவே கூடாது. 2018 கடைசியில் எலெக்ட்ரம் பயன்படுத்தியவர்களுக்குப் புதுப்பிக்கச் சொல்லிப் போலிச் செய்தி வந்தது, நம்பி நிறுவியவர்கள் காசை இழந்தார்கள். வார்த்தைகள் எழுதிய தாள் கடல்காற்றில் நமுத்துப்போகும், 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது போல அடையாற்றில் நீர் பெருகினால் அலமாரியோடு நனையும். இன்னொரு பிரதி வேறு பகுதியில், நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒட்டிய உறையில் இருக்கட்டும். சரியான பெட்டியில் வாலட்டை மீட்டு, அதில் தெரியும் முகவரி பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சிறு தொகையொன்றை அனுப்பி அது போய்ச் சேர்வதைப் பார்க்கும்வரை பழைய டிஸ்கை யாரும் தொட வேண்டாம்.