கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?

குழந்தைக்கு உடம்பு சுட்டால் என்ன செய்கிறீர்கள்? நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு உடனே தெர்மாமீட்டரைத் தேடுகிறீர்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஏனோ யார் எது சொன்னாலும் நம்பிவிடுகிறோம்! ரிப்பேர் செய்ய வந்தவர் திரையில் ஓர் எண்ணைக் காட்டி, "பார்த்தீர்களா அம்மா, 95 டிகிரி! புரோஸஸர் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்றால், அந்த மாதத்து மளிகைப் பணம் கை மாறிவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்திருந்தால் பணம் மிஞ்சினாலும் மிஞ்சும்.

பழைய கம்ப்யூட்டர்களில் புரோஸஸர் சிப்புக்கு அடியில், அது உட்காரும் ஸாக்கெட்டில்தான் உஷ்ணம் அறியும் கருவியை வைத்திருந்தார்கள். இட்லிப் பானையை வெளியே தொட்டுப் பார்த்து, உள்ளே இட்லி வெந்துவிட்டது என்று சொல்வது மாதிரிதான்! பிற்பாடு அது சிப்புக்குள்ளேயே குடியேறிவிட்டது. 2006-ல் வந்த இன்டெல் கோர் டுவோ முதல், கோர் என்கிற ஒவ்வொரு மூளைக்கும் தனித் தனிக் கருவி.

வேடிக்கை என்னவென்றால், இன்டெலின் இந்தக் கருவி "இப்போது 60 டிகிரி" என்று சொல்வதே இல்லை. "எல்லைக்கு இன்னும் 40 டிகிரி பாக்கி" என்றுதான் சொல்லுகிறது. பால் காய்ச்சும்போது நீங்களும் அப்படித்தானே? பாலின் உஷ்ணம் எத்தனை என்றா பார்க்கிறீர்கள்? விளிம்புக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்றல்லவா பார்க்கிறீர்கள்!

எல்லை 100 என்றால், திரையில் காட்டும் புரோக்ராம் அதில் 40-ஐக் கழித்து 60 என்று போடும். எல்லையை 85 என்று நினைத்துக்கொண்டுவிட்டால் 45 என்று போடும். அதே சிப், அதே கருவி, வித்தியாசமோ 15 டிகிரி! இது கற்பனை அல்ல. கோர் 2 டுவோ வந்த புதிதில் மேஜைக் கம்ப்யூட்டர் சிப்புகளின் எல்லையை இன்டெல் வெளியிடவில்லை. புரோக்ராம் எழுதியவர்கள் ஆளுக்கொரு ஊகம் செய்தார்கள். 2008-ல் கம்பெனியே எண்களைச் சொன்ன பிறகுதான் சச்சரவு தணிந்தது.

ஏஎம்டி கம்பெனியின் கதை இன்னும் விசித்திரம். 2017-ல் வந்த ரைஸன் 7 1700 எக்ஸ், 1800 எக்ஸ் இரண்டிலும் உள்ளபடி இருக்கும் உஷ்ணத்தோடு 20 டிகிரியை வேண்டுமென்றே கூட்டிக் காட்டினார்கள். எல்லாச் சிப்புகளுக்கும் விசிறி ஒரே விதமாகச் சுழல வேண்டுமாம்! விஷயம் தெரியாமல் எத்தனை பேர் பதறினார்களோ!

"இரண்டு புரோக்ராம்களிலும் ஒரே எண் வருகிறதே?" என்பீர்கள். இரண்டும் ஒரே கருவியைத்தான் கேட்கின்றன. ஒரே அத்தையிடம் கேட்ட வம்பை இரண்டு பேர் வந்து சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடுமா?

வீட்டிலேயே ஒரு பரீட்சை உண்டு. சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டரை கம்ப்யூட்டர் அருகில் வையுங்கள். விசிறி வைத்த கம்ப்யூட்டரில் சிப்பின் உஷ்ணம் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே போகவே முடியாது. அறையில் 33 டிகிரி இருக்க, திரையில் 27 என்று வந்தால் அது பொய்க் கணக்கு. சில கம்ப்யூட்டர்களில் இரவும் பகலும் அசையாமல் 27.8 என்றே நிற்கும். அதைத் திரும்பியும் பார்க்காதீர்கள். பட்டியலில் 'கோர்' அல்லது 'பாக்கேஜ்' என்று இருப்பதுதான் புரோஸஸர். 'சிஸ்டம்', 'மதர்போர்டு' என்பவை வேறு இடங்கள். 127 என்று மிரட்டினால், பெரும்பாலும் எதனோடும் சேர்க்காத இணைப்பாக இருக்கும்.

சும்மா இருக்கும்போது கோருக்குக் கோர் நாலைந்து டிகிரி வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம். எல்லைக்கு அருகில் சரியாகச் சொல்வதற்கென்றே கருவியைச் செய்திருக்கிறார்கள்; தாழ்ந்த உஷ்ணத்தில் அது சற்று உளறும். ஆகவே ஒரு விளையாட்டோ, வீடியோ மாற்றும் வேலையோ கொடுத்து, இருபது நிமிஷம் கழித்துப் பாருங்கள். கோர் டெம்ப், எச்டபிள்யூஇன்போ ஆகிய புரோக்ராம்களில் எல்லைக்கு உள்ள பாக்கியையே நேராகப் பார்க்கலாம். உங்கள் சிப்பின் எல்லை எத்தனை என்பது, மாடல் எண்ணைக் கொண்டு தேடினால் கம்பெனியின் தளத்திலேயே கிடைக்கும்.

அந்த 95-க்கு வருவோம். 2022-ல் வந்த ரைஸன் 9 7950 எக்ஸ் முழு வேலையில் 95-ல் ஓடுவது சகஜம் என்று கம்பெனியே சொல்கிறது. அடுத்த வருஷம் வந்த அதன் தம்பி ரைஸன் 7 7800 எக்ஸ்3டி-க்கோ எல்லையே 89! எல்லையைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பையன் பரீட்சை எழுதும்போது அப்படி நேர்ந்தால் வீடு ரணகளம்தான்.

உண்மையிலேயே பாக்கி இல்லையென்றால், முதலில் தூசியைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். அப்புறம்தான் சிப்புக்கும் உலோக மூடிக்கும் மேலே தடவிய பசை காய்ந்துவிட்டதா என்ற கேள்வி. அதை மாற்ற ஆகும் செலவு, புதுப் புரோஸஸர் விலையில் மிகச் சிறு பங்கு.

பசை மாற்றியதும் தேதி, அறையின் உஷ்ணம், வேலை செய்யும்போது எல்லைக்கு உள்ள பாக்கி, இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த சித்திரையில் ரிப்பேர்காரர் வந்தால், முதலில் சீட்டைக் காட்டலாம்.