சூப்புக்கு விலை என்ன?

நியூயார்க் மன்ஹாட்டனில், ஒன்பதாவது அவென்யூவும் 28-வது தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது ஹோலி அப்போஸ்தல்ஸ் தேவாலயம். எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தது. 1982-ல் பக்கத்துக் கட்டடத்தில் சிறிய அளவில் இங்கே ஏழைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். பின்னாளில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வரை வந்து சாப்பிடும் இடமாக அது வளர்ந்தது. பெயருக்குத்தான் 'சூப் கிச்சன்'. தட்டில் வைப்பது முழுச் சாப்பாடு.

பந்தி பிறகு ஆலயத்துக்கு உள்ளேயே நடக்க ஆரம்பித்தது. அதற்குக் காரணம் ஒரு தீ விபத்து. 1990-ல் ஆலயம் பற்றி எரிந்தது. மறுநாளும் சாப்பாட்டை நிறுத்தவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில், சமைக்காத உணவைக் கொடுத்தார்கள். கட்டடத்தைப் புதுப்பித்தபோது, ஜெபத்துக்கு உட்காரும் நீண்ட பெஞ்சுகளைத் திரும்பப் போடவேண்டாம் என்று சபையார் முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு ஆராதனை நடத்தினார்கள். வார நாட்களில் அதே தளத்தில் சாப்பாட்டு மேசைகள் போட்டார்கள். வருகிறவரிடம் மதம் என்ன, வருமானம் எவ்வளவு, வீடு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. தொண்டு செய்ய வருகிறவரும் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை.

இதில் என்ன பெரிய விசேஷம் என்று தோன்றலாம். அயர்லாந்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஊரே பட்டினி கிடந்த 1840களில், அங்கே சில புராட்டஸ்டன்ட் மிஷன்கள் மதம் மாறினால்தான் சூப் என்று சொன்னதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் எந்த நிபந்தனையும் இல்லாமல்தான் ஊற்றினார்கள். கஞ்சி காய்ச்சி ஊற்றியே காய்ச்சல் தொற்றி இறந்துபோன புராட்டஸ்டன்ட் பாதிரியார்களும் உண்டு. ஆனாலும் 'சூப் வாங்கிக் குடித்தவர்கள்' என்ற வசை சில குடும்பங்களைத் தலைமுறை தாண்டியும் விடவில்லை.

மதம் மட்டுமா விலை? லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் பிரபல சமையல்காரர் அலெக்ஸிஸ் சோயர், 1847 ஏப்ரலில் டப்ளினில் ஒரு மாதிரி சூப் கூடம் திறந்தார். மணி அடித்ததும் நூறு பேர் உள்ளே போகவேண்டும். அடுத்த மணி அடிப்பதற்குள் குடித்து முடித்துக் கிளம்பவேண்டும். கரண்டிகளைச் சங்கிலி போட்டு மேசையோடு பிணைத்திருந்தார்கள். திறப்பு நாளில் சீமான்களும் சீமாட்டிகளும் ஆளுக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்து, ஏழைகள் குடிப்பதை வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பணமும் தர்மத்துக்குத்தான் என்றார்கள். குடித்தவர்களிடம் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள்.

இன்னொரு விலை, நன்றி. ஜார்ஜ் ஆர்வெல் லண்டனில் நாடோடிகளோடு திரிந்த அனுபவத்தை 1933-ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஒரு தேவாலயக் காட்சி வருகிறது. இலவசத் தேநீரும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, ஆராதனைக்கும் உட்காரச் சொல்கிறார்கள். வயிறு நிறைந்த நாடோடிகள் மாடியில் உட்கார்ந்து சிரிப்பும் கூச்சலுமாக ஆராதனையைக் கிண்டல் செய்து தீர்க்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

சர்ச் குழுவோடு முதன்முறை பரிமாறப் போகிறவர்கள் பெரும்பாலும் கண்கலங்கிய வாழ்த்துகளை எதிர்பார்த்துப் போகிறார்கள். கையில் கிடைப்பதோ மேசை துடைக்கும் துணி. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. பீன்ஸ் ஒருவருக்கு ஒரு கரண்டி, அதற்கு மேல் கிடையாது. வரிசையில் நிற்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நகர்வார். "இன்னிக்கும் பீன்ஸா?" என்று அலுத்துக்கொள்வார். என் கணக்கில், அந்த அலுப்பைத் தயங்காமல் சொல்ல முடிகிற கூடம்தான் நல்ல கூடம். காசு கொடுத்துச் சாப்பிடும் ஓட்டலில் நாம் முணுமுணுப்பதில்லையா!

ஹோலி அப்போஸ்தல்ஸில் 1990களின் நடுவில் எழுத்தாளர் இயன் ஃப்ரேஸியர் ஒரு எழுத்துப் பட்டறையும் தொடங்கினார். சாப்பிட வருகிறவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். அவற்றைத் தொகுத்து 2004-ல் புத்தகமும் வந்தது. வேடிக்கை பார்க்கப்பட்டவர்கள் பேனா பிடித்தால் கதை வேறு மாதிரித்தான் இருக்கும்.

இந்தக் கூடங்களுக்குத் தொண்டர் பஞ்சம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குக் குடும்பத்தோடு வந்து குவிகிறார்கள். ஆளுக்கு ஒரு வேலை கொடுக்கவே நிர்வாகிகள் திணறுகிறார்கள். குளிர் எலும்பைத் துளைக்கும் பிப்ரவரியில் ஆள் தேடவேண்டியிருக்கிறது. உணவு மானியப் பணம் தீர்ந்துவிடுவதால் மாதக் கடைசியில் வரிசையும் நீளும். அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் வாசகர்கள் யாராவது போக நினைத்தால், பிப்ரவரி கடைசி வாரத்தில் போகலாம். செல்போனைக் கோட்டுப் பையிலேயே வைத்துவிடுங்கள்.