நாற்பது லிட்டர் நிறம், இருபது கொண்டை ஊசி வளைவு

காலை ஆறே முக்கால். ஏற்காட்டில், நாகலூர் போகிற சாலையோரம் எங்கள் பெரியம்மா வீடு. அதன் மேற்குச் சுவருக்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரியம்மா, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு மேஸ்திரி, அவருடைய ஆட்கள் மூன்று பேர், காபி டம்ளரோடு நான். அத்தனை பேர் கண்ணும் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பாலிதீன் தாளின் மேல்! ஓரடிக்கு ஓரடி இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி நாலு ஓரமும் டேப் போட்டு, காற்றுப் புக வழியில்லாமல் ஒட்டிவிட்டுப் போனது.

மேஸ்திரி முதலில் தாளின் வெளிப்பக்கத்தைத் துண்டால் துடைத்தார். "இது பனி. இதுக்குப் பயமில்ல." அப்புறம் குனிந்து உட்பக்கத்தைக் காட்டினார். தாளுக்கும் சுவருக்கும் நடுவே கடுகு கடுகாய் நீர்த்துளிகள். அவர் விரலால் சுண்டியதும் மூன்று நாலு துளிகள் ஒன்றுசேர்ந்து கோடாய் இறங்கின.

"பாத்தீங்களா தங்கச்சி, செவுரு வேர்த்திருக்கு. இது உள்ளேர்ந்து வர்ற தண்ணி. இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு நாளைக்கு டப்பாவையே தொறக்கக் கூடாது."

ஒரு சுவர் ராத்திரி முழுக்க மூச்சு விட்டதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்! அதுவும் பத்துப் பைசா பெறாத பாலிதீன் தாளை வைத்து. வீட்டுக்கு வெளியே பெயிண்ட் அடிக்க என்ன செலவாகும் என்ற ஒரே ஒரு கேள்வியோடு மாசிக் கடைசியில் மலையேறியவள் நான். லிட்டர் என்ன விலை, எத்தனை லிட்டர் வேண்டும், பெருக்கினால் விடை என்று நினைத்திருந்தேன். அந்தத் துளிகளைப் பார்த்த பிறகு இந்த ஆட்களை விட்டு நகர மனசு வரவில்லை. வேலை முடியும்வரை அவர்கள் பின்னாலேயே சுற்றினேன்.

முதல் ஆச்சரியம் அளவு டேப்பில் வந்தது. பெரியம்மா வீடு ஆயிரம் சதுர அடி, நாற்பதுக்கு இருபத்தைந்து. வெளிச்சுவரும் சுமார் ஆயிரம் இருக்கும் என்றுதானே நமக்குத் தோன்றும்? சுற்றளவு 130 அடி, உயரம் பத்தடி. அதிலேயே 1,300 ஆகிவிட்டது. மாடிக் கைப்பிடிச் சுவருக்கு உள்ளும் புறமும் மூன்று மூன்று அடி. அது ஒரு 780. ஜன்னல், கதவுக்குக் கொஞ்சம் கழித்து, சன்ஷேடுகளைச் சேர்த்தால் ஏறக்குறைய 2,000 சதுர அடி! வீட்டைப் போல இரண்டு மடங்கு தோல் அந்த வீட்டுக்கு. "எல்லாரும் தரைய அளந்துட்டு வந்து ரேட்டு கேப்பாங்க, நாங்க செவுத்தத்தான் அளப்போம்" என்று அந்த மூன்று ஆட்களில் சின்னத் தம்பி சொன்னபோது, அவன் கையில் இருந்த துண்டுச்சீட்டை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அடுத்து சுரண்டல். என்னைக் கேட்டால் இந்த வேலையின் உச்சம் இதுதான். பட்டி பிளேடை வைத்து ஒரு தள்ளு தள்ளினால், பொக்கையாக எழும்பியிருந்த பச்சை பெயிண்ட் கை அகலத்துக்கு ஏடாகக் கழன்று வருகிறது. அதற்குக் கீழே ரோஸ். ரோஸுக்குக் கீழே வெளிர் மஞ்சள். எல்லாவற்றுக்கும் அடியில் நீலம் கலந்து அடித்த பழைய சுண்ணாம்பு வெள்ளை. பெரியம்மா ஓடி வந்தார். "ஐயோ, இந்த ரோஸு உங்க அக்கா கல்யாணத்துக்கு அடிச்சது கண்ணு! மஞ்சளு உங்க பெரியப்பா ரிட்டயர் ஆன வருஷம்!" கழன்ற சில்லில் ஒன்றை அவர் முந்தானையில் முடிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

மேஸ்திரிக்கு அந்த அடுக்குகள் வேறு கதை சொல்லின. ரோஸும் மஞ்சளும் ஸ்னோசெம் வகை சிமெண்ட் பெயிண்ட். அது தண்ணீரை விரும்புகிற பூச்சு; அடித்த பிறகு சுவரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து இறுக வைப்பார்கள். மேலே வந்த பச்சை, எமல்ஷன். அது பிளாஸ்டிக் சவ்வு மாதிரி மூடிக்கொள்ளும். கீழே சுண்ணாம்பு பொடிந்துகொண்டிருக்க, அதன் மேலேயே எமல்ஷனை இழுத்தால் அது சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்புத் தூளைத்தான் பிடிக்கும். மழைக்காலத்தில் சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழி தேடிச் சவ்வை முட்டும், கொப்புளம் வரும், உடையும். "அடியில இருக்கிறது தூளா இருந்தா, மேல தங்கத்தையே அடிச்சாலும் நிக்காதுங்கம்மா" என்றார் பெரியம்மாவிடம். ஆகவே மொத்தச் சுவரையும் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாசி பிடித்த வடக்கு, மேற்குச் சுவர்களுக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஊறவிட்டு, கழுவி, காயவிட்டு, விரிசலைக் கீறிவிட்டுப் பேஸ்ட் அடைத்து, உப்புத்தாள் போட்டு... இதுவரைக்கும் ஒரு சொட்டு பெயிண்ட் கூடச் செலவாகவில்லை. நாலு நாள் ஓடியிருந்தது!

ஐந்தாம் நாள் மேஸ்திரியோடு சேலத்துக்கு இறங்கினேன், நிறம் வாங்க. கடையில் ஆர்.கே. லக்ஷ்மண் 1954-ல் வரைந்த 'கட்டு' என்கிற பெயிண்ட் விளம்பரப் பையன், சொட்டும் பிரஷ்ஷோடு, ஒரு பழைய தகரப் பலகையில் சிரித்துக்கொண்டிருந்தான். நான் நேராகக் கலர் மெஷினிடம் போய்விட்டேன். வெள்ளை பேஸ் நிரம்பிய வாளியை அதன் கீழே வைத்து, ஷேடு கார்டில் உள்ள நம்பரைத் தட்டினால், மேலிருந்து கறுப்பு ஒரு கீற்று, சிவப்பு ஒரு கீற்று, மஞ்சள் நூல் மாதிரி ஒழுகி வெள்ளைக்கு நடுவில் சுருண்டு உட்கார்கிறது. சில மில்லிலிட்டர்தான்! மூடியை அடைத்து இன்னொரு மெஷினில் மாட்டினார்கள். வாளி தலைகீழாய், பக்கவாட்டாய், பேய் பிடித்த மாதிரி சுழன்றது. திறந்தால் முழுக்க ஒரே நிறம். முன்னெல்லாம் ஸ்டெயினர் பாட்டில்களைக் கையில் வைத்துக்கொண்டு கண் மதிப்பில் கலக்குவார்களாம். ஒரு வாளி தீர்ந்து அடுத்த வாளி கலக்கும்போது அதே நிறம் வருவதற்குள் மேஸ்திரிக்கு உயிர் போய் உயிர் வருமாம்.

அந்த வெள்ளைக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருக்கிறது. வெள்ளை பேஸுக்கு மறைக்கும் சக்தி தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலப்பொருளான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கறுப்பாகக் கிடக்கிறது. கறுப்பு மணலிலிருந்து இத்தனை வெள்ளை!

என்ன நிறம் என்பது மலையிறங்கும் முன்பே முடிவாகியிருந்தது. பெரியம்மாவுக்கு எலுமிச்சை மஞ்சள் வேண்டும். மேஸ்திரி தலையாட்டவில்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். வெயில் உறைக்காது, ஆனால் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். பளிச்சென்ற மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும் அதில் சீக்கிரம் வெளுத்துவிடும். அடர் நிறங்களுக்கு ஸ்டெயினர் அதிகம் போவதால் விலையும் ஏறும். வெளுக்காமல் நிற்பவை காவி, மண் மஞ்சள், செம்மண் வகைகள்; அவற்றில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் மண் சிவந்திருப்பதும் அதே இரும்பால்தான். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் மண் சுவருக்குச் செம்மண் பூசிக் காத்த ஊரில், நாம் வாளியில் வாங்கி வருகிறதும் கடைசியில் அந்த மண்ணின் நிறம்தான். இதைச் சொன்னதும் பெரியம்மா, "அப்ப அதையே அடிங்க" என்றுவிட்டார்.

இருபது லிட்டர் வாளி இரண்டு. வேனின் பின்னால் அவற்றைக் கயிறு போட்டுக் கட்டி, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் வாளிக்குள் பெயிண்ட் ஒரு பக்கம் சாய்ந்து "தளக்" என்றது. சவுக்குக் கம்பு, பிரைமர், வாளி என்று மேலே வருகிற ஒவ்வொன்றுக்கும் இந்த இருபது வளைவுக்கான வாடகை உண்டு.

இப்போது மேஸ்திரியின் கடிகாரத்தைச் சொல்ல வேண்டும். மலைச் சுவரில் பனி உலரக் காலை பத்து மணி ஆகிறது. மூன்று மணிக்கு மேல் மஞ்சு இறங்கத் தொடங்கினால் தூரிகையை வைத்துவிட வேண்டியதுதான். நடுவில் ஐந்து மணி நேரம். சேலத்தில் ஒரே நாளில் இரண்டு கை அடித்து முடிக்கிற சுவர், இங்கே இன்றைக்கு ஒரு கை, நாளைக்கு ஒரு கை. அதோடு இந்த மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தை பிறந்து பங்குனி முடிவதற்குள் அடித்தால்தான் உண்டு. அதே சமயத்தில் மே மாதக் கோடை விழாவுக்கு முன் லாட்ஜ்காரர்களும் சாரம் கட்டுகிறார்கள். ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கணக்கைப் பார்த்துவிடலாம், நோட்டில் எழுதியபடியே தருகிறேன். நடுத்தர ரக எமல்ஷன் லிட்டர் 350 ரூபாய், நாற்பது லிட்டருக்கு 14,000. பிரைமர் 3,200. பிளீச்சிங் பவுடர், விரிசல் பேஸ்ட், உப்புத்தாள், ரோலர், பிரஷ் எல்லாம் 4,000. சாரத்துக்கும் வேனுக்கும் 5,000. கூலி, நாலு பேர் ஒன்பது நாள், ஆளுக்குச் சராசரி 950 வீதம் 34,200. மொத்தம் 60,400. சதுர அடிக்கு முப்பது ரூபாய். இதே வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சேலத்தில் வைத்தால் ஆறு நாளில் முடித்து 46,000-க்குள், சதுர அடி 23 ரூபாயில் கொடுத்திருப்பேன் என்கிறார் மேஸ்திரி. நான் எந்த விலையைக் கேட்டுக்கொண்டு மலையேறினேனோ அந்தப் பெயிண்டின் பங்கு மொத்தத்தில் கால்வாசி கூட இல்லை! மிச்சத்தில் பெரும்பகுதி சுவரைக் காயவைக்கவும், காய்ந்திருக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கவும் கொடுத்தது. அதனால்தான் நான் சொல்கிறேன்: மலையில் வீடு வைத்திருப்பவர்கள் கூலியில் இரண்டு நாளைக் குறைத்துக் கேட்காதீர்கள். அவர்கள் குறைக்கப்போகிற இரண்டு நாள், சுவர் காய்கிற இரண்டு நாள்.

மேற்குச் சுவருக்கு மட்டும் ஷீட் அடித்துவிட்டால் என்ன என்று கேட்டேன். மழைச் சாரல் நேரே அடிக்கிற பக்கத்தைத் தகரத்தால் மறைப்பது மலை ஊர்களில் பழைய பழக்கம்தான். நாலைந்து தடவை பெயிண்ட் அடிக்கிற காசை எண்ணிப் பார்த்தால் கட்டுபடியாகும் என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார். ஆனால் ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட விரற்கடை இடைவெளியாவது வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாலிதீன் தாள் காட்டிய வேலையைத்தான் ஷீட்டும் செய்யும், வருஷம் முழுக்க.

பழைய எஸ்டேட் பங்களாக்களுக்கு மேஸ்திரி எமல்ஷனே அடிப்பதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து எழும்பிய வெள்ளைக்காரர் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையில் நின்றவை. அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வாங்கி விடும். அவற்றுக்குச் சுண்ணாம்பே சரி. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. சுவரின் மேல் மெல்லிசாய் ஒரு கல் பூத்த மாதிரி. பொருள் விலை சொற்பம். ஆனால் அடிக்கடி அடிக்க வேண்டும், கை தேர்ந்த ஆளும் வேண்டும்.

ஒன்பதாம் நாள். மேற்குச் சுவருக்குக் கடைசிக் கை. ராத்திரி ஒட்டியிருந்த தாளுக்குள் காலையில் ஒரு துளி இல்லை! பத்தே காலுக்கு ரோலர் ஏறியது. ரோலர் நுரைத்துக்கொண்டு கீழிருந்து மேலே போகும்போது 'சிர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது; பின்னாலேயே தம்பி, மூலைகளுக்குப் பிரஷ்ஷை நுழைத்து வருகிறான். இரண்டு மணிக்கு முடிந்தது. மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். பெரியம்மாவும் பார்த்தார். இரண்டு பேருக்கும் வேறு வேறு வேண்டுதல். வீட்டுக்குப் பின்னால் பெரியம்மாவுக்கு அரை ஏக்கர் காபி, சில்வர் ஓக் நிழலில். பங்குனியையொட்டி ஒரு மழை விழுந்தால்தான் மொக்கு விரியும். அதற்காக அவர் சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். மேஸ்திரிக்கோ இன்னும் நாலு மணி நேரம் ஒரு தூறல் கூடாது. சாரத்தை அவிழ்த்து வேனில் ஏற்றிக்கொண்டு அவர்கள் இறங்கினார்கள்.

ஏழு மணிக்கு வந்தது மழை. சடசடவென்று, மேற்கிலிருந்தே.

ஏழே காலுக்கு மேஸ்திரி போன். "தங்கச்சி, மேல மழையாமே? டார்ச் எடுத்துக்கிட்டுப் போயி மேக்கால செவுத்தத் தொட்டுப் பாருங்க. கையில கலரு ஒட்டுதா?"

ஓடினேன். வெளிச்சத்தில் சுவர் பளபளத்தது. துளிகள் தங்காமல் முத்து முத்தாய் உருண்டு இறங்கின. உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்து டார்ச்சுக்கு நேரே காட்டினேன். தண்ணீர்தான்.

"ஒட்டலைங்கண்ணா!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, "ஒட்டலையாம்டா" என்று சொல்வது கேட்டது. பின்னால் தம்பிகளின் விசில். திரும்பிப் பார்த்தால், பெரியம்மா குடையில்லாமல் காபிச் செடிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.