ஏரியின் நோயும் நிலத்தின் உறவுகளும்: ஈரி ஏரியை முன்வைத்துச் சில குறிப்புகள்

இயற்கை விஞ்ஞானத்தின் வினாக்கள் சமூக நலன்களின் மோதலுக்குப் புறம்பாக எழுவனவல்ல. வட அமெரிக்காவின் ஈரி ஏரியின் வரலாறு இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். 1960களில் இந்நன்னீர் ஏரியில் அல்காக்கள் மிதமிஞ்சிப் பெருகின. நகரக் கழிவுநீரிலும் சலவைத்தூளிலும் அடங்கிய பொசுபரசே காரணம் என ஆய்வாளர் பலர் கருதினர். சவர்க்காரக் கைத்தொழிலின் பக்கம் நின்றோரோ காபனையே சுட்டினர்.

இவ்விவாதத்தின் சாரத்தை உணர, நீர்நிலையில் நிகழும் சுழற்சியை நோக்குதல் வேண்டும். அல்காக்கள் ஒளித்தொகுப்பின் மூலம் காபனீரொட்சைட்டைச் சேதனப் பொருளாக்குகின்றன. அவை இறந்து அடியிற் படிய, பற்றீரியாக்கள் அவற்றைச் சிதைக்கின்றன; ஆழ்நீரின் ஒட்சிசன் செலவாகின்றது. ஒட்சிசன் அற்ற நிலையில், வண்டலில் இரும்புடன் பிணைந்திருந்த பொசுபரசு விடுபட்டு மீண்டும் நீரிற் கலக்கின்றது. காபனை வளிமண்டலம் ஈடுசெய்யும். நைதரசனையும் நீலப்பச்சை அல்காக்களிற் சில வளியிலிருந்து பதிக்கவல்லன. பொசுபரசுக்கு அத்தகைய வாயுநிலை மூலம் இல்லை. அது பெரும்பாலும் நிலத்திலிருந்தே வந்து சேர்கின்றது.

1973இல் டேவிட் ஷிண்ட்லரும் சகாக்களும் ஒன்ராறியோவின் 226ஆம் இலக்க ஏரியைத் திரையொன்றால் இரண்டாகப் பிரித்தனர். இரு பகுதிகளிலும் காபனும் நைதரசனும் இடப்பட்டன. ஒன்றில் மாத்திரம் பொசுபரசும் சேர்க்கப்பட்டது. அப்பகுதியே பச்சை நிறமாயிற்று. கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் 1972இலேயே பேரேரிகளின் நீர்த்தரம் பற்றி உடன்படிக்கை செய்திருந்தன. சலவைத்தூளில் பொசுபேற்று குறைக்கப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டது. 1980களில் ஈரி ஏரி பெரிதும் தெளிவடைந்தது.

எனினும் அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1990களின் நடுப்பகுதியின் பின்னர், மோமி ஆற்றின் வழியே வயல்களிலிருந்து வரும் கரைந்த பொசுபரசு அதிகரித்தது. 2014 ஓகஸ்டில், அல்காக்கள் தோற்றுவித்த மைக்குரோசிஸ்ரின் எனும் நஞ்சு காரணமாக, ஒஹாயோவின் ரொலீடோ நகர்ப்புறத்தில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சில நாட்கள் குழாய்நீரைக் குடிக்க இயலாதோராயினர்.

முதற்கட்டத்தில் மாசு குழாய்வாயிலிற் புலப்பட்டது. அதற்குப் பொறுப்பாளரையும் சுட்ட முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் அது பரந்த நீரேந்து பிரதேசத்தின் ஆயிரக்கணக்கான வயல்களிற் சிதறிக் கிடக்கின்றது. பசளை விற்பனையின் இலாபம் ஓரிடத்திற் சேர்கின்றது. விளைச்சலை உயர்த்துமாறு விவசாயியைச் சந்தை நெருக்குகின்றது. நஞ்சகற்றும் செலவையோ நகரத்து மக்கள் சுமக்கின்றனர். முதலாளித்துவ வேளாண்மை மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றத்தைக் குலைக்கின்றது என 1867இல் ‘மூலதன’த்தின் முதற்பாகத்தில் மார்க்ஸ் எடுத்துரைத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மண்ணைப் பரிசோதித்துப் பசளையிடல், வடிகாலைக் கட்டுப்படுத்தல், ஆற்றோரத் தாவரப்பட்டிகளைப் பேணல் என்பன அறியப்படாத வழிகளல்ல. ஆயினும் ஒஹாயோவில் அவை பெரிதும் நிலவுடைமையாளரின் சுயவிருப்பத்துக்கே விடப்பட்டுள்ளன. ஆகவே நீரேந்து பிரதேச முகாமைத்துவம் வெறும் தொழினுட்ப வினா அன்று. நிலத்தின் பயன்பாட்டைத் தீர்மானிப்போர் யாவர் என்னும் வினாவே அதன் அடிப்படையாகும்.