அன்றே எழுதப்பட வேண்டிய குறிப்பு

உளநோயை இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்கதிர்ப் படமோ மட்டும் கொண்டு அறிந்துவிட முடியாது. நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று கேட்டு அறிவதே அடிப்படை. ஆகவே வைத்தியரும் தாதியரும் உளவளத்துணையாளரும் எழுதும் குறிப்பு சிகிச்சையின் ஒரு பாகமாகும்.

ஆயினும் கிளினிக் நாளில் சனம் நிறைந்திருக்கும், பணியாளர் சிலரே. ஒரே விபரத்தை இரண்டு மூன்று பதிவேடுகளில் எழுதவும் நேரிடும். "பிறகு எழுதலாம்" என்று தள்ளிவைப்பது இதனால்தான். ஆனால் மறதி காத்திருப்பதில்லை. படித்தவற்றில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது என்பதை ஜேர்மன் அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் எடுத்துக்காட்டினார்.

இடம்பெயர்ந்தோருக்கு இதன் பாதிப்பு அதிகம். 1995இல் வலிகாமத்திலிருந்தும் 2009இல் வன்னியிலிருந்தும் வெளியேறியவர்கள் புதிய இடத்தில் புதிய வைத்தியரிடம் செல்ல நேர்ந்தது. புளுபெனசின் போன்ற ஊசி மருந்து சில வாரங்களுக்கு ஒருமுறை போடப்படுவது. கடைசி ஊசியின் திகதி எழுதப்படாவிடில், தவணை தவறி நோய் திரும்பலாம். அல்லது முந்திப் போட்டு உடல் விறைப்பும் நடுக்கமும் கூடலாம்.

இதனைச் சீராக்க வழிகள் உண்டு:

1. ஒவ்வொரு சந்திப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை எழுதுவதற்கென ஒதுக்குதல். நோயாளி முன்னிலையில் எழுதி வாசித்துக் காட்டினால் பிழைகளும் திருந்தும்.

2. ஒரே விபரத்தைப் பல இடங்களில் எழுதும் சுமையைக் குறைத்தல்.

3. பொறுப்பாளர் வாரந்தோறும் எழுதப்படாத குறிப்புகளைப் பார்த்தல். ஏசுவதற்கல்ல, காரணம் அறிந்து, எழுத நேரம் ஒதுக்கிக் கொடுப்பதற்கே.

குடும்பத்தினருக்கும் பங்கு உண்டு. கிளினிக் கொப்பியில் அன்றைய திகதி, மருந்தின் பெயரும் அளவும், ஊசி போட்ட விபரம், அடுத்த தவணை ஆகிய நான்கும் உள்ளனவா என்று பார்த்த பின்னரே வீடு திரும்புங்கள். இல்லையெனில் பணிவோடு கேளுங்கள். அது உங்கள் உரிமை. அடையாள அட்டையுடனும் காணி உறுதியுடனும் கொப்பியையும் பொலித்தீன் பையில் பத்திரப்படுத்துங்கள். மனந்திறந்து பேசிய அந்தரங்க விடயங்கள் கிளினிக்கின் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். கொப்பியையும் அயலவருக்குக் காட்ட வேண்டியதில்லை.

சூடடித்த நெல்லை அளந்த அன்றே கணக்கில் எழுதுவது கமக்காரனின் வழக்கம். நெல்லுக்குக் காட்டும் அந்தக் கவனம் நோயுற்ற நம் உறவுகளுக்கும் கிடைக்க வேண்டும்.