உணர்வுகளை ஆராய்ந்தவர் பல்கலைக்கழகத்தை நடத்தியபோது

அடுத்தவர் முகம் பார்த்து மனம் அறிவதைப் பிறவிக் குணம் என்றே பலரும் நினைக்கிறோம். அது அளந்து பார்க்கக்கூடிய ஓர் ஆற்றல் என்று 1990இல் பீட்டர் சலவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். உணர்வுசார் நுண்ணறிவு என்ற அந்தக் கருத்தை, 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் உலகெங்கும் பரப்பியது.

சலவே 1986இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே கற்பித்து, உளவியல் துறைத் தலைவராகவும் பீடாதிபதியாகவும் இருந்து, 2013இல் அதன் தலைவரானார். நம் இலங்கையில் துணைவேந்தர் பதவிக்கு நிகரானது அது. 2024 வரை அதில் இருந்தார்.

யேல் என்ற பெயருக்கும் தமிழ்க் கரைக்கும் தொடர்பு உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து பெரும் செல்வம் சேர்த்த எலிகு யேல், 1718இல் 9 பொதிச் சரக்கும் 417 நூல்களும் நன்கொடையாக அனுப்பினார். அந்த நன்றிக்காகவே, பின்னர் பல்கலைக்கழகமான அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

சலவேயைச் சோதித்ததும் ஒரு பெயர்தான். மாணவர்கள் தங்கி உண்ணும் இல்லங்களுள் ஒன்று, அடிமைமுறையை வெளிப்படையாக ஆதரித்த ஜான் கால்ஹூன் என்ற அரசியல்வாதியின் பெயரைத் தாங்கியிருந்தது. அதை நீக்கும்படி கறுப்பின மாணவர்கள் கேட்டார்கள். பெயரை அழித்தால் வரலாற்றையே மறைத்ததாகிவிடும் என்று சொல்லி, 2016 ஏப்ரலில் சலவே அதை அப்படியே வைத்தார். ஆய்வறையில் எடுபடக்கூடிய வாதம்தான். ஆனால் தினமும் அந்த வாசலைக் கடந்து சாப்பிடப் போகிறவனின் வலி அதில் இல்லை. சில வாரங்களில், அடிமைகள் பருத்தி சுமக்கும் காட்சி தீட்டிய சாளரக் கண்ணாடியை அங்கே வேலை செய்த உணவுக்கூடப் பணியாளர் ஒருவரே தும்புத்தடியால் உடைத்தார். வேலையை இழந்தார், பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

சலவே உடனே பல்டி அடிக்கவில்லை. பெயர் மாற்றத்துக்கு எவை நியாயமான காரணங்கள் என்று வகுக்க முதலில் ஒரு குழுவை அமைத்தார். அந்த விதிகளின்படி மறுபடி ஆராய்ந்து, 2017 பெப்ரவரியில், கணினி அறிஞரும் கடற்படை அதிகாரியுமான கிரேஸ் ஹாப்பரின் பெயரைச் சூட்டுவதாக அறிவித்தார். கூச்சலுக்குப் பணிந்துவிட்டார் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. முடிவெடுத்த பிறகும் காது கொடுத்தாரே, உளவியல் படிப்பு பதவிக்கு உதவியது அந்த இடத்தில்தான் என்பேன்.

இதைத் திருகோணமலையில் இருந்து பார்க்கக் காரணம் இருக்கிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒன்றாகப் படிக்கிறார்கள். போரைக் கண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போல இங்கும் பகிடிவதை பற்றிய பயத்தோடுதான் புதிய மாணவர் வருகிறார். அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தண்டனையும் கடுமையானது. ஆனாலும் முறைப்பாடு செய்தால் விடுதியில் ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சும் பிள்ளை வாய் திறக்காது. அந்த மௌனத்தைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் நிர்வாகத்தில் வேண்டும். எல்லாப் பொறுப்பையும் ஓர் உளவளத்துணையாளர் அறையில் விட்டுவிட்டு, தலைமை கோப்புகளோடு நின்றுவிட முடியாது. துணைவேந்தரையும் வளாக முதல்வரையும் தெரிவு செய்யும்போது, ஆய்வுக் கட்டுரைகளோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மாணவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் கடைசியாக மாற்றிக்கொண்ட முடிவு எது?