நம்புவதற்கு என்ன ஆதாரம் காட்டுவீர்கள்?

கருத்தரங்கு என்றால் முடித்த ஆராய்ச்சியைப் போய் வாசித்துவிட்டுக் கைதட்டல் வாங்கி வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டாக்டோரல் சிம்போசியம் அப்படியல்ல. பிஎச்.டி. பாதிவழியில் நிற்பவர்களுக்குத்தான் அங்கே இடம். மென்பொருள் பொறியியலின் முதன்மை மாநாடான ஐ.சி.எஸ்.இ. 1975இல் தொடங்கியது, 2014இல் ஐதராபாத்துக்கு வந்தது. இந்தியாவில் நடக்கும் ஐசெக் மாநாடு அதே ஆண்டு சென்னையில் நடந்தது. இத்தகைய மாநாடுகளில் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று தனி அமர்வு வைப்பது வழக்கம். அதுதான் டாக்டோரல் சிம்போசியம்.

மாணவர் தன் திட்டத்தைச் சில பக்கங்களில் எழுதி அனுப்ப வேண்டும். ஐ.சி.எஸ்.இ. போன்ற இடங்களில் அதில் மாணவர் பெயர் மட்டுமே இருக்கும். கைடு பெயர் சேராது. ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதித் தப்பிக்க வழியில்லை. தேர்வானவர் கொஞ்ச நேரம் பேசுவார். அதன்பிறகு, அவரை முன்பின் பார்த்திராத மூத்த ஆராய்ச்சியாளர்கள் கேள்வி கேட்பார்கள்.

நான் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன்பு சென்னையில் டெஸ்டராக இருந்தேன். அதனாலோ என்னவோ, இந்த அமர்வுகளில் டெஸ்டிங் பற்றி யாராவது பேச வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அப்படி ஒரு மாணவி எடுத்துக்கொண்ட தலைப்பு ஃபிளேக்கி டெஸ்ட்.

நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அதனுடனேயே நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளை எழுதிவைப்பார்கள். நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. ஆனாலும் சில சோதனைகள் காலையில் பாஸ் ஆகும், மாலையில் ஃபெயில் ஆகும். அவைதான் ஃபிளேக்கி டெஸ்ட். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 51 அப்பாச்சி மென்பொருள் திட்டங்களில் இவற்றைச் சரிசெய்யச் செய்த 201 மாற்றங்களை அலசி, 2014இல் காரணங்களை வகைப்படுத்தினார்கள். பதில் வந்து சேரும்வரை காத்திராமல் அடுத்த வேலைக்குத் தாவுவது, ஒரே நேரத்தில் ஓடும் இரு வேலைகள் மோதிக்கொள்வது, ஒரு சோதனை விட்டுப்போன மிச்சம் அடுத்ததைக் கெடுப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இந்த மாணவி, சோதனையை ஓட்டாமலே, அது எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்து ஃபிளேக்கியா இல்லையா என்று சொல்லும் டூல் ஒன்றைச் செய்திருந்தார். முடிவுகள் பளிச்சென்று இருந்தன. முதல் கேள்வி வந்தது: “ஒரே திட்டத்துச் சோதனைகளில் பாதியை டூலுக்குக் கற்றுக்கொடுக்கவும் மீதியைச் சரிபார்க்கவும் எடுத்தீர்களா?” ஆமாம் என்றார். அப்படியானால் புதிய திட்டத்தில் டூல் தடுமாறலாம். அடுத்தவர் கேட்டார்: “ஃபிளேக்கி இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? நூறு முறை பாஸ் ஆனது நூற்றியோராவது முறை ஃபெயில் ஆகலாமே?” என் கேள்வி தொழிலிலிருந்து வந்தது: “ஃபிளேக்கி என்று ஒதுக்கிய ஃபெயிலுக்குள் உண்மையான பிழை இருந்தால் என்னம்மா செய்வீங்க?”

“அதை இன்னும் பாக்கல மேடம்” என்றார். அமர்வின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பயிற்சிக்குச் சில திட்டங்கள், சரிபார்க்க முற்றிலும் வேறு திட்டங்கள் என்று பிரிக்கச் சொன்னார் ஒருவர். எத்தனை முறை ஓட்டினால் முடிவு எப்படி மாறுகிறது என்பதையே தனி அத்தியாயமாக்கலாம் என்றார் இன்னொருவர்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேரி ஷா, ஐ.சி.எஸ்.இ. 2002க்கு வந்த கட்டுரைகளை ஆராய்ந்து மறு ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். எந்த மாதிரிக் கேள்வி, எந்த மாதிரி விடை, விடையை நம்புவதற்கு என்ன ஆதாரம் என்ற மூன்றையும் அதில் பிரித்துக் காட்டினார். நான் பார்த்தவரை நம் மாணவர்கள் இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். டூல் ஓடிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்ற நினைப்பு.

நம் பல்கலைக்கழகங்களிலும் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் உண்டு. ஆனால் அங்கே கைடு பக்கத்திலேயே இருக்கிறார், உறுப்பினர்களும் தெரிந்தவர்கள். கைடு மனம் கோணக் கூடாதே என்று கேள்விகள் மெதுவாகிவிடுகின்றன. சிம்போசியத்தில் அந்தத் தயவு இல்லை.

ஆகவே என் ஸ்காலர்களை இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கச் சொல்கிறேன். அப்போது வரும் கேள்வியால் ஒரு அத்தியாயம் கூடும். அதே கேள்வி வைவாவில் வந்தால், திருத்துவதற்கு ஃபெலோஷிப்பும் மிச்சமிருக்காது, பொறுமையும் மிச்சமிருக்காது.